கட்டைவிரல் மறக்காதது: ஒரு ஜாய்ஸ்டிக்கின் வரலாறு



மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து, "நீ காட்டூர்க்காரன்தானே, உங்க ஊர்ப் பக்கத்து வரலாறு ஏதாவது எழுதிக் கொடேன்" என்று கேட்டார்கள். அவர்கள் மனதில் இருந்தது பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டையாக இருக்கலாம். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. எனக்குக் கையால் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான். டி.வி. கேம் விளையாடப் பிடிக்கிற ஜாய்ஸ்டிக்கின் வரலாறு. சிரிக்காதீர்கள்! கடைசிவரை படித்துவிட்டு, சிரிப்பு வந்தால் விழா மேடையிலேயே என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்.

பர்மா பஜாரிலிருந்து காட்டூருக்கு

1994. நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. காலையில் காட்டூரிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி, சாயங்காலம் அதே வழியில் வீடு. எங்கள் வீடு மீன்பாட்டை நம்பிய வீடு. நைனா பழவேற்காடு ஏரியில் தோணி தள்ளுபவர். இந்திய உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அது என்று புவியியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது வெறும் 'ஏரி'.

என் சித்தப்பா மகனுக்கு அப்போது 12 வயது. அவனும் நானும் நண்டு விற்ற காசு, என் பஸ் காசில் மிச்சம் பிடித்தது எல்லாம் சேர்த்து, ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் பட்டணம் போனோம். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்பதற்காக 1969-இல் உருவான கடைவரிசை. டேப் ரிக்கார்டர், வாட்ச், சென்ட் பாட்டில், அவற்றுக்கு நடுவே டி.வி. கேம்! பேரம் பேசிப் பேசித் தொண்டை வறண்டு, ஆயிரத்து நூறு ரூபாய்க்கு முடித்தோம். ஒரு பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, ஒரு கேசட்.

அது ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கருவியின் நகல் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அசல் நின்டெண்டோ நம் ஊர்க் கடைக்கு வரவில்லை. 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்ற பெயர்களில் அதன் சாயல்கள்தான் வந்தன. அடுத்த ஆண்டு, 1995-இல், ஷா வாலஸ் கம்பெனி சேகாவின் 'மெகா டிரைவ்' கருவியை இந்தியாவில் விற்க ஏற்பாடு செய்தது. விலை 18,000 ரூபாய்! அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் வலை வாங்குவார்களா, பொம்மை வாங்குவார்களா?

ஆக, என் தலைமுறைக்குக் கிடைத்தது நகல். ஆனால் கைக்கு நகல், அசல் தெரியாது. முதலில் எதைப் பிடித்ததோ அதுதான் அதற்கு அசல்.

சிலுவை பிறந்த கதை

வீடியோ கேமின் முதல் கைப்பிடிகளில் பட்டனைவிடத் திருகுதான் முக்கியம். 1972-இல் அமெரிக்காவில் ரால்ஃப் பேர் உருவாக்கிய 'ஒடிசி' கருவியில், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோலத் திருகி வெள்ளைப் புள்ளியை நகர்த்த வேண்டும். 1977-இல் அட்டாரி கம்பெனியின் கருவி வந்தது. ஒரு கட்டையின் நடுவே நட்டுவைத்த குச்சி, மூலையில் ஒரு சிவப்புப் பட்டன். அடிக்கட்டையை ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை குச்சியை ஆட்டும். 'ஜாய்ஸ்டிக்' என்ற பெயர் இந்தக் குச்சிக்குத்தான் பொருந்தும். எங்கள் கையில் இருந்த தட்டைக் கட்டையில் குச்சியே கிடையாது. ஆனாலும் நாங்கள் அதை ஜாய்ஸ்டிக் என்றுதான் சொன்னோம். இன்னும் சிலர் 'ரிமோட்' என்பார்கள்.

குச்சியை எடுத்துவிட்டுச் சிலுவையை வைத்தவர் குன்பெய் யோகோய் என்ற ஜப்பானியர். 1982-இல் கைக்குள் அடங்கும் 'டாங்கி காங்' விளையாட்டுக் கருவிக்காக இதைச் செய்தார். பாக்கெட்டில் வைக்கிற பொருளில் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் உடைந்துவிடுமே! அதனால் நான்கு திசைக்கும் நான்கு கை நீட்டிய ஒரே பிளாஸ்டிக் துண்டு. அதன் அடியில், நட்ட நடுவில் ஒரு சிறு குமிழ். ஒரு பக்கம் அமுக்கினால் எதிர்ப்பக்கம் தானாக எழும். இடமும் வலமும் ஒரே நேரத்தில் அமுங்காது. சீசா பலகைதான் தத்துவம்.

இதனால் வந்த பெரிய மாறுதல் என்ன தெரியுமா? கண்ணுக்கு விடுதலை! கட்டைவிரல் அந்தப் பள்ளத்தையும் முனையையும் தடவியே எது மேல், எது கீழ் என்று கண்டுபிடித்துவிடும். பார்வை டி.வி.யை விட்டு நகர வேண்டாம். அதுவரை வலது கை செய்த திசை வேலை இடது கட்டைவிரலுக்கு மாறியது. இன்றைக்கும் பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளில் திசை இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம்தான்.

ஜப்பான்காரர்களும் எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகச் செய்துவிடவில்லை. 1983-இல் வந்த முதல் ஜாய்ஸ்டிக்குகளில் பட்டன்கள் சதுரமான ரப்பர். அமுக்கினால் ஓரத்தில் சிக்கிக்கொண்டு எழும்பாது. அதனால் வட்டமான பிளாஸ்டிக் பட்டனுக்கு மாற்றினார்கள். சதுரம் சிக்கும், வட்டம் சிக்காது. கிணற்று மூடியிலிருந்து பட்டன் வரைக்கும் இதுதான் பாடம்.

உள்ளே என்ன இருந்தது?

எங்கள் ஜாய்ஸ்டிக் ஆறே மாதத்தில் மக்கர் செய்தது. உப்புக் காற்று ஊர், வேறென்ன ஆகும்? வலப்பக்கம் அமுக்கினால் மேரியோ போகமாட்டான். பள்ளத்தில் விழுந்து செத்துப்போவான். தம்பி அழுதான். நான் இயற்பியல் மாணவன் அல்லவா! ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

கழற்றிப் பார்த்தால் பூதம் ஒன்றும் இல்லை. ஒரு பச்சை அட்டை, அதன்மேல் ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ரப்பர் ஒரு சின்னக் குடைபோல் எழும்பி நிற்கிறது. குடையின் உட்புறத்தில் கறுப்பாக ஒரு கரிப் பொட்டு. அமுக்கும்போது குடை மடங்கி, கரிப் பொட்டு அட்டையில் உள்ள இரண்டு கோடுகளையும் சேர்த்துவைக்கிறது. மின்சாரம் ஓடுகிறது. விட்டால் ரப்பர் தானாக நிமிர்கிறது. 'டொப்' என்று விரலுக்குத் தெரிகிற அந்த மெல்லிய தளர்ச்சி, குடை மடங்குகிற கணம்தான். பழைய ஜாய்ஸ்டிக்கின் 'ஃபீலிங்' என்று நாம் சொல்வதில் பாதி அந்த ரப்பர்!

நடுவே தார் சொட்டியதுபோல் ஒரு கறுப்புக் கட்டி. அசல் கருவியில் ஒரு சிப் இருக்கும் இடத்தில், நகலில் இந்தக் கட்டி. அது செய்த வேலை எளிமையானது. நான்கு திசை, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என மொத்தம் எட்டு விஷயங்கள். பெட்டி ஒரு குரல் கொடுத்ததும் எட்டின் நிலையையும் பிடித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஒரே கம்பி வழியாக அனுப்பும். விநாடிக்கு ஐம்பது, அறுபது தடவை இந்த வருகைப் பதிவு நடக்கும். "மேல்?" "இல்லை." "கீழ்?" "இல்லை." "ஏ?" "உள்ளேன் ஐயா!" அவ்வளவுதான். இதற்கு மின்சாரத்துக்கு இரண்டு, பேச்சுக்கு மூன்று என ஐந்து கம்பிகள் போதும்.

பென்சில் அழிக்கிற ரப்பரால் அட்டையின் கோடுகளைத் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மூடினேன். மேரியோ மறுபடி ஓடினான். தெருவில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. அதன்பின் யார் வீட்டு ஜாய்ஸ்டிக் கெட்டாலும் என்னிடம்தான் வரும். லேபில் கற்றதைவிட அதில் நான் கற்றது அதிகம் என்று சொன்னால் பழைய பேராசிரியர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பாடு முறையும் ஜாய்ஸ்டிக்கும்

ஜாய்ஸ்டிக் இரண்டு, பையன்கள் பதினைந்து பேர். சண்டை வராமல் இருக்குமா? என் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். கண்டுபிடித்தான் என்று சொல்வதுகூடத் தப்பு. எங்கள் ஏரியில் காலங்காலமாக இருப்பது 'பாடு'. நல்ல இறால் கிடைக்கிற இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. ஊருக்கும் ஆளுக்கும் முறை வைத்து, இன்றைக்கு நீ, நாளைக்கு அவன் என்று மாறி மாறிப் போவார்கள். அந்த முறையையே பையன் டி.வி. முன்னால் கொண்டுவந்துவிட்டான். "டேய், இன்னிக்கு உன் பாடு முடிஞ்சுது, எழுந்திரு!" மூன்று உயிர் போனால் பாடு முடிந்தது. ஒயர் குட்டை என்பதால் எல்லாரும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டும். ஒருத்தன் செத்தால் பதினைந்து பேர் 'அய்யோ' என்பார்கள்.

இன்றைய ஜாய்ஸ்டிக்குக்கு ஒயர் கிடையாது. விளையாடுபவன் சென்னையில், எதிராளி எந்த நாட்டிலோ. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவனின் முழங்கை இடித்த அந்த விளையாட்டு வேறு.

நைனா கேட்ட கேள்வி

ஒருநாள் சாயங்காலம் வலை காயப்போட்டுவிட்டு நைனா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்க குடு" என்று வாங்கினார். துடுப்பும் கோலும் பிடித்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கையில் அது தீப்பெட்டிபோல இருந்தது. இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ அமுக்குறது அதுக்குத் தெரியுது. அது உனக்கு ஏதாச்சும் சொல்லுதா?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: "கோலை ஊனினா அடியில சேறா, மணலா, கிளிஞ்சலான்னு கைக்குத் தெரியும்டா. இதுல ஒண்ணும் தெரியலியே. இது ஊமைக்கட்டை."

எங்கள் ஏரியில் இருளர் பெண்கள் கலங்கிய தண்ணீரில் தவழ்ந்தபடி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் விரலால் தடவியே இறால் பிடிப்பார்கள். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அப்படிப்பட்ட ஏரிக்காரர் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. பின்னால் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, வீடியோ கேம் உலகம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தது என்று.

கட்டை பேசத் தொடங்கியது

1990-இல் நின்டெண்டோவின் 'சூப்பர் ஃபேமிகாம்', வலப்பக்கம் நான்கு பட்டன்களும் தோளில் இரண்டு பட்டன்களும் கொண்டுவந்தது. சும்மா இருந்த ஆள்காட்டி விரல்களுக்கு வேலை வந்தது. 1994 டிசம்பரில் சோனியின் 'பிளேஸ்டேஷன்' ஜப்பானில் வெளிவந்தது. அதன் ஜாய்ஸ்டிக்கைத் தெயியூ கோட்டோ என்பவர் வடிவமைத்தார். இரண்டு பக்கமும் கீழே நீண்ட கைப்பிடிகள் வந்தபின், கட்டை விரல்நுனியிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கியது. எழுத்துகளுக்குப் பதிலாக முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம். ஆங்கிலம் படிக்காத பையனுக்கும் அது புரிந்தது!

1996-இல் 'நின்டெண்டோ 64', கட்டைவிரலுக்கு ஒரு குட்டிக் குச்சியைத் திருப்பிக் கொடுத்தது. சிலுவைக்கு எட்டுத் திசை மட்டுமே தெரியும். 'போ', 'நில்' என்று இரண்டே வார்த்தை. இந்தக் குச்சிக்கு 'மெல்லப் போ', 'இன்னும் கொஞ்சம் வேகமாக' என்பதும் தெரியும். 1997-இல் அதே நின்டெண்டோ, பின்னால் சொருகுகிற அதிர்வுப் பெட்டி ஒன்றை விற்றது. அதே ஆண்டு கடைசியில் சோனியின் 'டூயல்ஷாக்' வந்தது. இரண்டு குச்சி, உள்ளே இரண்டு மோட்டார். மோட்டார் அச்சில் ஒருபக்கமாகக் கனம் வைத்திருப்பார்கள். சுற்றும்போது மொத்தக் கட்டையும் உதறும். நைனாவின் ஊமைக்கட்டைக்கு வாய் வந்தது. ஆனால் அது பேச்சல்ல, வெறும் உறுமல். கார் மோதினாலும் அதே உறுமல், குண்டு வெடித்தாலும் அதே உறுமல்.

பேச்சு வந்தது 2020 நவம்பரில், 'பிளேஸ்டேஷன் 5' கருவியோடு. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி வந்தது. அதன் 'டூயல்சென்ஸ்' ஜாய்ஸ்டிக்கில் கனம் வைத்த மோட்டாருக்குப் பதிலாக, ஒலிபெருக்கியில் இருப்பதுபோன்ற காந்தச் சுருள். மழைத்துளியையும் கையில் உணர்த்தும், சறுக்கலையும் உணர்த்தும். ஆள்காட்டி விரல் அமுக்கும் பட்டனுக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டாரும் பல்சக்கரமும் இருந்து, வில்லை இழுத்தால் இறுகும், திடீரென்று விட்டுக்கொடுக்கும்.

பழசா, புதுசா?

பழசுதான் உசத்தி என்று சொல்லிக் கைதட்டல் வாங்க நான் எழுதவில்லை. இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.

பழைய கட்டை லேசு, சுத்தமான பதில், அமுக்கிய கணமே நடக்கும். பழைய படக்குழாய் டி.வி.யும் அதற்குக் காரணம். இன்றைய தட்டை டி.வி. படத்தைத் தயார்செய்ய ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. அதனால் பழைய விளையாட்டை இன்றைய டி.வி.யில் ஆடினால் கால் சேற்றில் புதைந்தமாதிரி இருக்கும். எங்கள் வாத்து சுடும் துப்பாக்கியோ படக்குழாய் இல்லாமல் வேலையே செய்யாது.

புதிய குச்சிகளுக்கு ஒரு நோய் உண்டு. பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது, நம் இயற்பியல் லேபில் தள்ளித் தள்ளி அளந்த ரியோஸ்டாட்டின் குட்டித் தம்பி. கரித் தடத்தில் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும். தேயத் தேய, கை எடுத்த பிறகும் ஆள் தானாக நடந்துகொண்டே இருப்பான். காந்தத்தால் அளந்தால் உரசலே இல்லை. 1879-இல் கண்டறிந்த ஹால் விளைவு, நமக்குப் பாடத்தில் வந்ததுதான். 1998-இல் சேகாவின் 'டிரீம்காஸ்ட்' அப்படித்தான் செய்தது. ஆனாலும் பெரிய கம்பெனிகள் கரித் தடத்தை விடவில்லை. அழிரப்பரால் தேய்த்துச் சரிசெய்த காலம் போய்விட்டது. சின்னப் பாகம் தேய்ந்தாலும் பலர் புதிதாகத்தான் வாங்குகிறார்கள்.

இனி என் தம்பி கதை. அவன் படிப்பை விட்டு விசைப்படகுக்குப் போனான். 2003-இல் கயிறு சுற்றும் இயந்திரத்தில் மாட்டி வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் பரணில் இருந்த பழைய ஜாய்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தான். ஏ, பி இரண்டும் வலப்பக்கம். எட்டவில்லை. ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்துவிட்டான். அந்த மௌனம் எனக்கு இன்றும் கேட்கிறது.

2015-இல் 'பிளேஸ்டேஷன் 4' கருவியில் எந்தப் பட்டனையும் எந்த இடத்துக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. என் வீட்டுக்கு வந்தபோது, வலப்பக்க வேலையை இடது தோள் பட்டன்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பழகினான். பிறகு என் பையனைக் கால்பந்தில் தோற்கடித்தான்! 2018-இல் மைக்ரோசாஃப்ட், கை கால் அசைவு குறைந்தவர்களுக்கென்றே தனி ஜாய்ஸ்டிக் ஒன்றை வெளியிட்டது. 2023-இல் சோனியும் வெளியிட்டது. பழசு அழகுதான், ஆனால் பத்து விரலும் உள்ளவனுக்கு மட்டும் அழகு. இதை மறந்துவிட்டு 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விட எனக்கு உரிமை இல்லை.

நைனாவின் தீர்ப்பு

சென்ற ஆண்டு நைனா சென்னையில் எங்களோடு சில நாள் தங்கினார். இப்போது ஏரிக்குப் போவதில்லை. பேரன் 'டூயல்சென்ஸ்' ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் வைத்து, அந்தக் கருவியோடு இலவசமாக வரும் 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' விளையாட்டைப் போட்டான். அதில் குட்டி பொம்மை ஒன்று வெவ்வேறு தரையில் நடக்கும். "தாத்தா, கண்ணை மூடிக்கோ. எதுமேல நடக்குதுன்னு சொல்லு."

நைனா கண்ணை மூடினார். கட்டையைக் கோல் பிடிப்பதுபோலவே பிடித்தார். கொஞ்சம் பொறுத்து, "மணல்" என்றார். சரி! அடுத்தது, "இது வழவழன்னு இருக்கு, கண்ணாடி மாதிரி." பனிக்கட்டி. அதுவும் சரிதான். மூன்றாவது தப்பாகிவிட்டது. பையன் கைதட்டினான்.

நான் முப்பது வருஷக் கேள்வியை ஞாபகப்படுத்தினேன். "நைனா, இப்ப பேசுதா?"

"பேசுது. நல்லாவே பேசுது," என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா இந்த மணல எவனோ ஒருத்தன் முன்னாடியே எழுதி வச்சிருக்கான். நாளைக்கு வந்தாலும் அதே எடத்துல அதே மணல்தான். ஏரி அப்படியில்ல. நேத்து மணல் இருந்த எடத்துல இன்னிக்குச் சேறு."

நண்பர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டையைப் பற்றி யோசிக்கவில்லை, என்னைப் பற்றித்தான் யோசித்தேன். நைனா தோணிக்குக் கூப்பிட்ட சாயங்காலங்களில் நான் மேரியோவை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரலுக்கு அந்தச் சிலுவையின் ஒவ்வொரு முனையும் இன்றும் தெரியும். கோலை ஊன்றினால் அடியில் என்ன என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது தெரிந்த கடைசிக் கை நைனாவுடையது. அந்தக் கைக்குப் பிறகு, அதை எந்தக் கம்பெனியும் செய்து விற்கப்போவதில்லை.

தம்பி தங்கைகளே, நீங்கள் இன்று விளையாடுவது பெரும்பாலும் செல்போன் கண்ணாடியில். பள்ளமும் இல்லை, முனையும் இல்லை. விரல் எங்கே இருக்கிறது என்று கண்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒரு கைக்கு மட்டும் தெரிந்த வேலை ஏதாவது இருக்கும். ஓலை முடைவதோ, வலை பொத்துவதோ, மாவு பதம் பார்ப்பதோ. அந்தக் கை இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

விழா நாளன்று என் பழைய ஜாய்ஸ்டிக்கைக் கொண்டு வருகிறேன். இன்னும் வேலை செய்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அழிரப்பரும் கூடவே இருக்கும். கழற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். அடுத்த ஞாயிறு, நைனாவின் உடம்பு இடம் கொடுத்தால், நானும் என் பையனும் தோணியில் ஏறுகிறோம். கோலை முதலில் பிடிக்கப்போவது அவன். அவன் பாடு முடிந்ததும் என் பாடு.

வளர்க நம் நட்பு! வாழ்க நம் கல்லூரி!